தண்ணீர் உடையாத தகடு

முப்பது வயது முடிவதற்குள் ஒரு தொழிலில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பென்ஷன் இல்லை, பிரிவுபசார விழா இல்லை, பொன்னாடை இல்லை. இப்போது அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் லேப்பில் இருக்கிறேன். பவுடரை அமுக்கி வட்டு செய்து, மெஷினுக்குள் தள்ளி, ரிசல்ட் வந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் தேதி தவறுவதில்லை. யாருடைய கல்யாணமும் என் கையில் இல்லை. அந்த நிம்மதிக்கே தனி அலவன்ஸ் கொடுக்கலாம்.

இதை எழுதக் காரணம் என் காலேஜ் ஜூனியர்கள் இரண்டு பேர். போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். "சீனியர்! நாங்க மொகுமே கானே நகை பண்ணப் போறோம். நீங்கதான் பெரம்பலூர்ல முதல்ல பண்ணீங்கன்னு சொன்னாங்க. இப்பல்லாம் ஒட்டின கட்டியே கூரியர்ல வந்துடுது, நாங்க டிசைன் வெட்டுனா போதும். டிப்ஸ் ஏதாச்சும் இருந்தா தட்டிவிடுங்க!"

"ஆல் தி பெஸ்ட்" என்று டைப் செய்தேன். அழித்தேன். வேறு என்னவோ டைப் செய்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் இவ்வளவு நீளமாகிவிட்டது. பொறுமை இல்லாதவர்கள் ரீல்ஸ் பார்க்கப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மொகுமே கானே என்பது வாள் பிடிகளை அலங்கரிக்க ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த வேலை. மரரேகை ஓடும் உலோகம் என்று அர்த்தம். வேறு வேறு நிறத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பொடி வைத்துப் பற்றவைக்கக் கூடாது, உருக்கவும் கூடாது. சூட்டாலும் அழுத்தத்தாலும் மட்டுமே அவை ஒன்றோடு ஒன்று பிடித்து ஒரே கட்டியாக வேண்டும். பிறகு அந்தக் கட்டியைச் சுத்தியால் அடித்து, மேலே அங்கங்கே குடைந்து, மறுபடி தட்டையாக்கினால், குடைந்த இடங்களில் கீழ் அடுக்குகள் எட்டிப் பார்க்கும். தேக்குப் பலகையை இழைத்தது போல வரி வரியாக ஓடும். நம் ஊரில் நகை என்றாலே உருக்குவதுதான். இதில் உருகினால் கதை முடிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இறுக்கமாகப் பிடித்திருக்கும், ஆனால் எது எது என்று கடைசிவரை தெரியும். அதுதான் இதன் அழகு.

எனக்கு முதலாளி ஹசீனா அக்கா. லப்பைக்குடிக்காட்டுக்காரர். என்னைவிட ஆறேழு வயதுதான் பெரியவர். கணவருடன் சிங்கப்பூரில் இருந்தபோது இந்த வேலையை ஒரு சின்ன கோர்ஸில் படித்துவிட்டு, பெரம்பலூர் பாலக்கரை பக்கம் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் பட்டறை போட்டார். நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு அரியர் கிளியர் பண்ணிக்கொண்டிருந்தேன். "இன்ஸ்டாகிராம் பார்த்துக்க ஆள் தேவை" என்று போட்டிருந்தார். போனேன். இரண்டே வாரத்தில் அடுப்பு முன்னால் உட்கார வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், கோர்ஸில் அக்கா படித்தது பாதிதான். மீதியை நாங்கள் இரண்டு பேரும் தகடுகளைப் பாழாக்கிப் பாழாக்கிக் கற்றோம். செம்பும் ஜெர்மன் சில்வரும் வைத்துக் கிட்டத்தட்ட ஒரு வருடம். சில கட்டி உருகி ஓடியது, சில கட்டி அடித்தவுடன் பழைய புத்தகம் போலப் பக்கம் பக்கமாகப் பிரிந்தது. அந்த வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, கை காப்புக் காய்த்ததைத் தவிர.

ஆனால் கழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் எண்பது பங்கு கழுவுவதுதான். தகட்டை நுரைக்கல் பொடி போட்டு ஒரே திசையில் தேய்க்க வேண்டும். குழாயில் காட்ட வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும். பிறகு தகட்டைச் சாய்த்துப் பிடித்து மேலே தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் முழுத் தகட்டிலும் கண்ணாடித் தாள் போலப் பரவி நின்றால் சுத்தம். எங்காவது விலகி முத்து முத்தாக உருண்டால், அங்கே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அக்கா வைத்திருந்த சொல் 'தண்ணி உடையிறது.' உடைந்தால் ஒட்டாது. அவ்வளவுதான் சட்டம்.

"அக்கா, சுத்தமாத்தான் இருக்கு. என் மூஞ்சியே தெரியுது பாருங்க."

"உன் மூஞ்சி தெரியறதுக்கு நான் என்ன கண்ணாடியா செய்யறேன்? தண்ணி ஊத்து."

ஊற்றினேன். ஓரத்தில் விலகியது.

"துளியூண்டுதான்க்கா."

"மறுபடி."

அவர் கத்தியதே இல்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைக்க ஆரம்பிப்பார். அது முடிவதற்குள் நாம் செய்த தப்பு நமக்கே புரிந்துவிடும். "சபூர் பண்ணு நித்யா, அவசரத்துல ஒட்டுனது அவசரத்துலயே பிரியும்" என்பார். சபூர் என்றால் பொறுமை. எரிச்சலாக வரும். ஆனால் அவர் சொன்னதுதான் நடக்கும்.

இன்னொரு விஷயம். வாடிக்கையாளரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் அக்கா கில்லாடி. நாங்கள் முதன்முதலில் விற்றது ஒரு செம்பு-வெள்ளி மோதிரம். வாங்கியவர் ஒரு லெக்சரர். கொஞ்ச நாள் கழித்து வந்து விரலை நீட்டினார்.

"ஏம்மா, கொளத்துப் படிக்கட்டு மாதிரி பாசி புடிச்சிருக்கு பாரு."

பச்சையாகத்தான் இருந்தது. வியர்வை, உப்புத் தண்ணீர், செம்பும் வெள்ளியும் ஒட்டி ஒட்டி. விரலில் ஒரு குட்டி பேட்டரியே ஓடியிருக்கிறது. நான் அந்த விஞ்ஞானத்தை விளக்க ஆரம்பித்தேன். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். உள்பக்கம் வெள்ளி உறை போட்டுத் தந்துடறேன்."

அவர் போனதும், "ஏன்க்கா மிதிச்சீங்க, நான் சொன்னது கரெக்ட்தானே?" என்றேன்.

"கரெக்ட்தான். அதைக் கேட்டு அவரு என்ன பண்ணப் போறாரு? வெரல் நல்லா இருந்தா போதும் அவருக்கு."

இப்படிப்பட்டவரிடம்தான் தா.பழூரில் இருந்து தனம் அம்மா வந்தார்.

அவர் மகள் கயல், செட்டிகுளத்து அருண். இருவருக்கும் சென்னையில் வேலை, அங்கேயே காதல். இரண்டு வீடும் வேறு வேறு ஆட்கள். அருண் வீட்டில் சின்ன வெங்காய வியாபாரம், அப்பா வாயைத் திறக்க மாட்டார், அத்தை வைத்ததுதான் சட்டம். கயல் வீட்டில் கொஞ்சம் நெல் வயல், அப்பா இல்லை. அவள் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் ரீல்ஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு, நிச்சயத்தன்று மாற்றிக்கொள்ள இரண்டு வீட்டு உலோகத்திலும் ஒரு ஜோடி மோதிரம் வேண்டும் என்று கேட்டார்கள். கலக்காமல் ஒட்டுவது என்ற ஐடியா அருணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பேசி முடிக்க இரண்டு வீட்டாரும் பட்டறைக்கு வந்தார்கள். அத்தைக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வூட்டுல தங்கம், அவங்க வூட்டுல வெள்ளியா? நல்லா இருக்குடா உங்க நாயம்!"

"ரெண்டும் மஞ்சளா இருந்தா வரி தெரியாதுங்கம்மா," என்றார் அக்கா. "ஒரு பக்கம் வெள்ளை வேணும்."

"அப்ப அவங்க தங்கம் தரட்டும்."

"அப்ப நீங்க வெள்ளி தரீங்களா?" என்று நான் வாயை விட்டேன்.

"நாங்க எதுக்கு வெள்ளி தரணும்? நாங்க என்ன கொலுசுக் கடையா?"

அதுவரை சுவரோரம் நின்றிருந்த தனம் அம்மா, "நாங்களே வெள்ளி தரோம் சம்பந்தி, அதனால என்ன," என்றார். சொல்லிவிட்டு மஞ்சப்பையில் இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேஜை மேல் வைத்தார். உள்ளே ஆண்கள் இடுப்பில் கட்டும் வெள்ளி அரைஞாண் கொடி. கறுத்துப் போயிருந்தது.

மற்றவர்கள் படியிறங்கிய பிறகு அவர் மட்டும் பின்தங்கினார். "பாப்பா, இது அவரோடது. எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி இடுப்புலேருந்து அறுத்தது. பொண்ணு கல்யாணத்துல அவரு இருக்கணும்ல. சம்பந்தி வூட்டுக்குத் தெரிய வேணாம்."

செத்தவர் இடுப்பில் கிடந்த வெள்ளி கல்யாண மோதிரத்தில் என்றால் அத்தை என்ன ஆட்டம் ஆடுவார் என்று எங்களுக்கும் புரிந்தது. அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

தனம் அம்மாவுக்கு அந்த மோதிரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கயல்தான் பிறகு போனில் சொன்னாள். கல்யாண மேடையில் விதவைத் தாய் நிற்கக் கூடாது, சித்தப்பா சித்திதான் தாரைவார்க்க வேண்டும் என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். கயல் சண்டை போட்டாள். அருணும் சண்டை போட்டான். கடைசியில் அத்தை ஒரு இடத்தில் மட்டும் இறங்கினார்: "மோதிரம் மாத்தறது சாஸ்திரத்துல இல்லாத சமாச்சாரம். அதை வேணும்னா அவங்க அம்மாவே எடுத்துக் குடுக்கட்டும்." ஆக, பெற்ற மகளின் கல்யாணக் காரியங்களில் எல்லார் முன்னாலும் அந்த அம்மா தன் கையால் தொட்டுக் கொடுக்கப் போவது அந்த மோதிரம் ஒன்றைத்தான்.

தகடாக்குவதற்கு முன் தங்கத்தையும் வெள்ளியையும் தனித்தனியாக உருக்கினோம். அதற்கு இரண்டு வீட்டாரும் வந்தார்கள், பொன்னுருக்குக்கு வருவது போலவே தேங்காய், பழம், வெற்றிலையோடு. அத்தை சூடம் காட்டினார். அக்கா ஒதுங்கி நின்று, முடிந்ததும் சூடத் தட்டை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தார். தனம் அம்மா அன்றும் சுவரோரம்தான். யாரும் அவரிடம் தட்டை நீட்டவில்லை.

தகடுகள் தயாரானபோது அவர் தனியாக வந்தார். தா.பழூரில் இருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் பாப்பா." எல்லாத் தகடுகளும் கழுவி, தண்ணீர் உடையாமல் பாஸாகி, காய்ந்து, வெள்ளைத் துணி மேல் வரிசையாக இருந்தன. அக்கா லுஹர் தொழ உள்ளே போனார். நான் டீ வாங்கக் கீழே இறங்கினேன்.

திரும்பி வந்தபோது தனம் அம்மாவின் முகமே வேறாக இருந்தது. பரீட்சையில் எல்லாக் கேள்வியும் தெரிந்த பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. "அடுக்கறதப் பாத்துட்டுப் போயிடறேன், அரியலூர் பஸ் போயிடும்," என்றார். அறையை விட்டுப் போய் வந்தால் தகடுகளுக்கு மறுபடி தண்ணீர் விட்டுப் பார்ப்பது அக்காவின் பழக்கம். அன்று அந்த அம்மாவின் பஸ்ஸுக்காக அதை விட்டார். கையுறை போட்டு, தங்கம், வெள்ளி, தங்கம், வெள்ளி என்று அடுக்கினார். மேலும் கீழும் இரும்புப் பலகை. பலகை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் உள்பக்கம் பரீட்சையில் தடவும் ஒயிட்னர் தடவியிருந்தோம். நான்கு மூலையிலும் போல்ட்டை முறுக்கினோம்.

"இனிமே பிரியாதுல்ல?" என்றார் தனம் அம்மா.

"இன்ஷா அல்லா."

இஸ்திரிக் கடையில் வாங்கிய கரியோடு இரும்புப் பெட்டியில் அடைத்து, அடுப்பில் வைத்து, சூட்டைப் பிடித்து நிறுத்தி, எடுத்து அழுத்தினோம். எல்லாம் சரியாகவே போனது. ஓரத்தை அரத்தால் ராவிப் பார்த்தபோது கோடு கோடாக, ஒரு இடைவெளி இல்லாமல் இருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் செய்ததில் அதுதான் முதல் தங்கக் கட்டி.

சூடுபடுத்தி அடிக்க ஆரம்பித்தபோதுதான் நடுவில் உப்பியது. எண்ணெயில் போட்ட பூரி உப்புவது போல மெதுவாக. நான் சுத்தியை நிறுத்தினேன். ஆறிய பிறகு அக்கா ஒரு மெல்லிய பிளேடை ஓரத்தில் விட்டு நெம்பினார். மேல் தங்கத் தகடு உரிந்து வந்தது. அடியில் வெள்ளி மேல் ஒரு வட்டம். ஒரு விரல் நுனி அளவு. கருகி, விளிம்பில் மட்டும் லேசான சிவப்பு. சுற்றி எல்லா இடமும் நன்றாகப் பிடித்திருந்தது. அந்த வட்டத்தில் மட்டும் பிடிக்கவில்லை.

நெற்றியில் வைக்கும் பொட்டு எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அந்த அம்மாவாக்கா?"

"யார்ட்டயும் சொல்லாத."

"நான் ஏன் சொல்றேன். ஆனா—"

"சொல்லாதன்னேன்ல." மேஜையைத் துடைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கெட்ட நேரம், மறுநாளே அருணோடு அத்தை வந்து நின்றார். மார்க்கெட்டுக்கு வந்தாராம், அப்படியே மோதிரம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க. பிரிந்த கட்டி மேஜை மேலேயே இருந்தது.

"இதென்ன, வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு?"

"அடுப்பு சூடு கூடிப்போச்சுங்கம்மா," என்றார் அக்கா. "என் தப்பு. என் செலவுல வேற பண்ணித் தந்துடறேன்."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல. ஒட்டுச்சா, ஒட்டலையா?"

அக்கா கட்டியைக் கையில் எடுத்தார். "ஒட்டல."

"பாத்தியாடா. ரெண்டு வூட்டுப் பொருளும் ஒட்டலன்னு அந்தப் பொண்ணு வாயாலயே வந்துடுச்சு."

"அத்தை, இது கெமிஸ்ட்ரி."

"உங்கப்பன் கல்யாணத்துல எந்தக் கெமிஸ்ட்ரிடா இருந்துச்சு? முப்பது வருசமா சண்டையில்லாம குடும்பம் நடத்தல?"

"அப்பா வாயத் தொறந்தாத்தானே சண்டை வரும்," என்றான் அருண். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் செட்டிகுளம் போய்ச் சேர்வதற்குள் செய்தி தா.பழூருக்குப் போய்விட்டது.

அருண் அசையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நிச்சயம் நிற்காது, தேதி மாறாது என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டான். "மறுபடி பண்ணுங்கக்கா, நேரம் இருக்குல்ல?" என்று எங்களுக்குப் போன் செய்தான். மிச்சத் தங்கமும் வெள்ளியும் இருந்தன. நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

அதற்கடுத்த நாள் தனம் அம்மா வந்தார். நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை.

"ஒட்டலையாமே."

"அடுப்பு சூடும்மா," என்றார் அக்கா. "நான் கவனிக்காம விட்டுட்டேன். வேற பண்றோம்."

"பாப்பா, நான் ஒன்னு கேப்பேன், மறைக்காம சொல்லணும். அன்னிக்கு நீ தொழுவப் போனப்ப எங்கூரு மாரியம்மன் குங்குமத்த ஒரு தகட்டுல தொட்டு வெச்சேன். எனக்குத்தான் வெக்கக் கூடாது, எம் பொண்ணுக்கு வெக்கலாம்ல. அப்புறம் அழுக்காயிடுமோன்னு முந்தானையால தொடச்சுட்டேன். அதனாலயா?"

"சூடும்மா. சூடுதான்."

"அல்லா பேர்ல சொல்லு."

கீழே டைல்ஸ் அறுக்கும் சத்தம் நின்றுவிட்டுத் தொடங்கியது. லெக்சரர் வந்த அன்று என் காலை மிதித்த அதே அக்கா. சொல்லிவிடுங்கள், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"அல்லா பேர்ல பொய் சொல்ல மாட்டேம்மா," என்றார் அக்கா.

பிறகு கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "எண்ணெய்க் கை பட்டாலும் இதேதாம்மா ஆவும். நித்யா தொட்டாலும் ஒட்டாது, நான் தொட்டாலும் ஒட்டாது, நாளைக்குக் கல்யாணம் ஆவப்போற பொண்ணு தொட்டாலும் ஒட்டாது. தொட்டது யாருன்னு அதுக்குத் தெரியாதும்மா. ஒட்டுனதுக்கு அப்புறம் நீங்க அதை மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆவாது. எப்பத் தொடலாம், எப்பத் தொடக் கூடாதுன்னு நாங்கதான் உங்கள்ட்ட சொல்லியிருக்கணும்."

தனம் அம்மா கடைசி வரை கேட்டார். நல்ல பொறுமை.

"ஆக, நான் தொட்டதாலதான்."

"அப்படி இல்லம்மா—"

"அப்படித்தான பாப்பா சொன்ன."

மெட்டல், பாண்டிங், சர்ஃபேஸ் என்று நாங்கள் எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து முட்டினோம். மேடையில் விதவை நிற்கக் கூடாது என்று அத்தை சொன்னதும் அதே வாக்கியம்தான்.

"மிச்ச வெள்ளி இருக்குதா?" என்று கேட்டார் தனம் அம்மா.

"இருக்கும்மா. அதுலதான் மறுபடி—"

"பண்ணு. அவரு இருக்கட்டும். நான் வரல."

அவர் இறங்கிப் போன பிறகு நான் அக்காவிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். "ஒரு பொய்க்கா. ஒரே ஒரு பொய்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா?"

"நம்பியிருப்பாங்க. நீங்க சொன்னா நம்பியிருப்பாங்க."

"அதனாலதான் சொல்ல முடியல," என்றார்.

அவர் செய்தது சரியா என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். சில நாள் சரி என்று தோன்றும். சில நாள் ஒரு அம்மாவை விட அந்தச் சத்தியம் என்ன பெரிது என்று தோன்றும். லேப்பில் சாம்பிள் ஆறும்வரை உட்கார்ந்திருக்கும்போது இந்த வழக்கு என் மண்டைக்குள் ஓடும். தீர்ப்பு வந்ததே இல்லை.

இரண்டாவது கட்டி ஒட்டியது. தண்ணீர் எங்கேயும் உடையவில்லை, சுத்தி பட்டபோது ஒரு முனகல் இல்லை. அடுப்பில் இருந்து வந்து, ஓரம் ராவி, பிடித்துவிட்டது என்று உறுதியானதும் அக்கா அதற்கு மேல் அடிக்கவில்லை. தா.பழூருக்குப் போன் போடச் சொன்னார். "இப்ப வரச் சொல்லு. இப்பத் தொடலாம். குங்குமம், மஞ்சள், சந்தனம், என்ன வேணா வெக்கட்டும்." போனை எடுத்தது, நிச்சயத்துக்கு லீவில் வந்திருந்த கயல். "அம்மா வயக்காட்டுல இருக்காங்கக்கா." மறுநாளும் வயக்காடு. அதற்கு மறுநாளும் வயக்காடு. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் பருவம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கட்டியை வெள்ளைத் துணியில் வைத்தபடி அக்கா காத்திருந்தார். நிச்சயத் தேதி நெருங்கிய பிறகு, வேறு வழியில்லாமல் அடித்து, குடைந்து, உருட்டி, மோதிரமாக வளைத்தோம். தங்கத்துக்கு நடுவே வெள்ளி வரி, கல் விழுந்த குளம் மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியது. அப்படி ஒன்று அதற்கு முன்பும் நாங்கள் செய்ததில்லை, பிறகும் செய்யவில்லை.

ஜூனியர்களே, டிப்ஸ் கேட்டீர்கள் இல்லையா? ஒட்டின கட்டியை வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் எவராவது தன் வீட்டுப் பொருளைக் கொண்டுவந்து உங்கள் மேஜை மேல் வைத்தால், அவர்கள் கையால் அதற்கு என்ன செய்ய ஆசைப்படுகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். கேட்டிருந்தால் அந்தக் குங்குமம் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

நிச்சயம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில். அக்கா வரவில்லை. "என் மூஞ்சியப் பாத்தா அந்தம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துடும். நீ குடுத்துட்டு வந்துடு." மோதிரப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். அத்தை பெட்டியை வாங்கித் திறந்தார். மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"ஒட்டிடுச்சா?"

"ஒட்டிடுச்சுங்கம்மா."

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, நான் எதிர்பார்க்காததைச் செய்தார். மேடை ஓரத்தில் இருந்து கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சம்பந்தி! எங்க நிக்கிறீங்க? வாங்க, நேரமாவுது. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தனம் அம்மா நாற்காலி வரிசையைத் தாண்டி மேடைப் படி வரை வந்தார். புதுப் புடவை. கயல் மேலே இருந்து, "வாம்மா!" என்றாள். அருண் கை நீட்டினான். நான் தட்டில் மோதிரங்களை வைத்து அந்த அம்மா முன்னால் நீட்டினேன். அவர் மோதிரத்தைப் பார்த்தார். அந்த வெள்ளி வரியைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் ஒரு நொடி நெகிழ்ந்தது.

பிறகு இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

"எடுங்கம்மா," என்றேன். "ஒண்ணும் ஆவாது. இனிமே ஒண்ணுமே ஆவாதும்மா."

"தெரியும் பாப்பா. நல்லா ஒட்டியிருக்கு. அப்படியே இருக்கட்டும். நீ குடுத்துடு."

"அம்மா!" என்றாள் கயல்.

"நல்ல நேரம் போயிடும். குடும்மா நீ."

நாதஸ்வரக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். படியேறிப் போய், ஒரு மோதிரத்தைக் கயல் கையிலும் இன்னொன்றை அருண் கையிலும் எடுத்துக் கொடுத்தேன். கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அட்சதை போட்டார்கள். தனம் அம்மா மட்டும் போடவில்லை. கை உள்ளேயேதான் இருந்தது.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பட்டறைக்குப் போனேன். ஆர்டர்கள் வந்தன. ஆனால் யாராவது வீட்டுப் பழைய நகையோடு படியேறி வந்தால் அக்கா, "ரெடிமேட் வெள்ளியில பண்ணித் தரேன், இது உங்கள்ட்டயே இருக்கட்டும்," என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். அப்படிச் செய்தால் இந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்று நானும் கேட்கவில்லை. கணவர் கூப்பிட்டார் என்று அவர் மறுபடி சிங்கப்பூர் போனார். அடுப்பை ஒரு பானை செய்யும் ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு ஆலையில் வேலை கிடைத்தது. சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, ஒரு தொழில் இப்படியும் முடியும்.

கயலும் அருணும் நன்றாக இருக்கிறார்கள். கல்யாண ஆல்பம் வந்ததும் கயல் எனக்கு ஒரு படத்தை அனுப்பினாள். நிச்சயத்தன்று மோதிரம் மாற்றும் நேரம். இந்தப் பக்கம் அருணின் அப்பா அம்மா. அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா நிற்க வேண்டிய இடத்தில், காட்டன் சுடிதாரில், கையில் காலித் தட்டோடு நான் நிற்கிறேன். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். சிரித்திருக்கிறேன்.